11.4 யாருடையது?

2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை, மன்னார்குடியில் நான் வழக்கமாக இரத்தம் கொடுக்கும் ஆய்வகத்திலிருந்து கைபேசிக்கு அறிக்கை வந்தது. அதில் கால்சியம் என்ற வரிக்கு எதிரே 11.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு மூன்றாண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவனுக்கு அந்த எண்ணின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மைலோமா எலும்பு மஜ்ஜையைக் கடந்து உடலைச் சேதப்படுத்தத் தொடங்கிவிட்டதா என்று அறிய மருத்துவர்கள் நான்கு அடையாளங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் முதலாவது, இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டுவது. சிறுநீரகம் தளர்வதும், இரத்தச் சோகையும், எலும்பில் ஓட்டை விழுவதும் மற்ற மூன்று. 2021-இல் இந்த நான்குமே எனக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தன. அதனால் 11.4-ஐப் பார்த்ததும் நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, மனைவியிடம் சொல்லாமல், கொல்லைப்புறத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நெல் கொள்முதல் நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இருப்புப் புத்தகத்தில் ஓர் எண் பிசகினால், அந்தப் பிசகு எந்த மூட்டையில், எந்தத் தராசில், எந்த நாளில் நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். ஆனால் என் உடம்பின் கணக்கில் அந்தப் பாடத்தை நான் மறந்திருந்தேன். எண் ஏறினால் அது புற்றுநோயின் எண்தான் என்று நானும், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒருசேர எடுத்துக்கொண்டோம். அந்த எண்ணுக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்கலாம் என்று கேட்க எங்களுக்கு மூன்று ஆண்டுகளும், அதற்குமேல் இரண்டரை மாதங்களும் ஆயின.

முதல் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 தொடக்கத்தில் வந்த முதுகுவலியை மூன்று மாதம் தைலம் தடவி ஓட்டினேன். பிறகு எடுத்த படத்தில் முதுகெலும்பின் டி12 கண்ணி நசுங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 8.4, கால்சியம் 12.6, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 என்று வந்தன. மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து மைலோமா என்றார்கள். வயிற்றுத் தோலில் போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு மாத்திரை, வாரம் ஒருநாள் டெக்ஸாமெத்தசோன் என்று ஆறு சுற்றுகள் முடிந்து, 2022 மாசியில் என் சொந்தக் குருத்தணுக்களையே சேமித்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையும் நடந்தது. எலும்பு மேலும் நொறுங்காமலிருக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமிலம் இரண்டு ஆண்டுகள் ஏற்றினார்கள். 2023 நடுவில் அதை நிறுத்தினார்கள். எம்-புரதம் என்று சொல்லப்படும், மைலோமா அணுக்கள் சுரக்கும் புரதம், இரத்தத்தில் தென்படவில்லை. லெனலிடோமைடு மட்டும் குறைந்த அளவில் தொடர்ந்தது.

அந்த ஜோலெட்ரோனிக் அமிலத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த குழப்பத்தின் வேர் அதில் இருக்கிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களை அது முடக்கிப்போடுவதால், எலும்பிலிருந்து கால்சியம் இரத்தத்துக்குள் இறங்குவது குறைகிறது. கரைப்பதற்குத் தூண்டியது எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டுகள் என் கால்சியம் ஒழுங்காக இருந்ததற்கு மைலோமா அடங்கியது ஒரு காரணம். இந்த மருந்து இன்னொரு காரணம். மருந்தை நிறுத்திய பிறகு எண் மெல்ல ஏறியது: 10.4, 10.8, 11.1, பிறகு 11.4. அந்த ஏற்றத்தை அறிக்கைகளில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நோய் திரும்பியதா என்று பார்க்கும் வேலை உடனே தொடங்கியது. எம்-புரதம் இல்லை என்று வந்தது. மைலோமா அணுக்கள் சுரக்கும் புரதத் துண்டுகளான கப்பா, லாம்டா என்ற இலகு சங்கிலிகளின் விகிதம் இயல்பாக இருந்தது. உடல் முழுவதும் பெட் ஸ்கேன் எடுத்ததில் புதிதாக எதுவும் ஒளிரவில்லை. இடுப்பெலும்பில் மறுபடியும் துளையிட்டு எடுத்த மஜ்ஜையிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முடிவும் நல்ல செய்தியாக வந்தது. ஒவ்வொரு நல்ல செய்திக்குப் பிறகும் கால்சியம் அப்படியே இருந்தது. எங்கேயோ ஒளிந்திருக்கிறது, அடுத்த மாதம் வெளியே வரும் என்ற எண்ணத்தில் இரண்டு மாதங்கள் கழிந்தன. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன், இரவில் நான்கைந்து முறை எழுந்து போனேன். அந்த நாட்களில் என் வீட்டார் பட்ட பாட்டை நான் எழுத முற்பட்டால் இந்தக் கட்டுரை வேறொன்றாகிவிடும்.

உடம்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தால் சாயங்காலம்வரை படுக்க வேண்டிய சோர்வு. தீராத தாகம். நான்கு நாள் போனாலும் நகராத வயிறு. பேரன் பேரைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் வராமல் நின்ற ஒரு காலை. மனைவி மட்டும், "என்னங்க, மருந்து குறைஞ்ச பிறகுதானே உங்களுக்கு இவ்வளவும் கூடியிருக்கு?" என்று ஒருமுறை கேட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சோர்வு லெனலிடோமைடுடையது, மலச்சிக்கல் மாத்திரைகளுடையது, மறதி வயதுடையது, தூக்கமின்மை கவலையுடையது என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தோம். பெரிய நோய் ஒன்று வீட்டுக்குள் வந்த பிறகு, உடம்பில் நடக்கும் எல்லாவற்றையும் அதன் பேரில் பற்று எழுதிவிடுவது நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் எளிது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அன்போடு வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது, அதை என் எலும்பு கொடுத்தது.

மகளின் வற்புறுத்தலால் வேறொரு மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். இளம் வயதுப் பெண். கோப்பைத் திறக்குமுன் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, வெற்றிலை போடுவீங்களா?" என்பது. சுண்ணாம்பு தடவி நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிறவர்களுக்கு அதனாலேயே இரத்தத்தில் கால்சியம் ஏறுவதுண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். 2021-லேயே விட்டுவிட்டேன் என்றேன். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஏதாவது உண்டா, வைட்டமின் டி பொட்டலம் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டேனா, வீட்டில் யாருக்காவது கல்லடைப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, எனக்கே 2016-இல் கல் வந்தது என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, பாராதைராய்டு ஹார்மோனை இதுவரை யாருமே அளக்கவில்லையே என்று சொன்னார்.

மறுநாள் முடிவு வந்தது. ஹார்மோன் 148. அந்த ஆய்வகத்தின் இயல்பு அளவு 15 முதல் 65 வரை.

இதை அவர் எனக்கு விளக்கிய விதம் என் கணக்கு மூளைக்குச் சட்டென்று பிடிபட்டது. கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, அரிசி மணியளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தைராய்டோடு அவற்றுக்கு இடத்தால் உறவே தவிர வேலையால் உறவில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும், சிறுநீரகத்திடம் கால்சியத்தை விடாதே, பாஸ்பேட்டை விட்டுவிடு என்று சொல்லும், வைட்டமின் டியை முடுக்கிக் குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சச் செய்யும். கால்சியம் போதுமான அளவு வந்ததும் அவை அடங்கிவிடும். ஆகவே மைலோமா எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ஏற்றியிருந்தால், இந்த நான்கும் வாயடைத்துக் கிடந்திருக்க வேண்டும். ஹார்மோன் இயல்பின் அடிமட்டத்திலோ அதற்கும் கீழேயோ போயிருக்க வேண்டும். கால்சியம் 11.4 இருக்கும்போது ஹார்மோன் 148 இருக்கிறது என்றால், சுரப்பியே பிசகியிருக்கிறது என்று பொருள்.

எங்கள் ஊரில் சொல்வதானால் எலும்பு ஒரு நெற்குதிர். மைலோமா அதில் வளை தோண்டும் பெருச்சாளி. பாராதைராய்டு, குதிரின் சாவியை வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. அவருடைய தராசு கெட்டுப்போனால், வெளியே நெல் மலையாகக் குவிந்து கிடக்கும்போதும் பஞ்சம் என்று நம்பிக் குதிரின் வாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார். இருவரிடமும் இழப்பது ஒரே நெல்தான். ஆனால் பெருச்சாளிக்குப் பொறி வைப்பதால் கணக்குப்பிள்ளையின் தராசு சரியாகாது.

அதன் பிறகு கோப்பில் ஏற்கெனவே இருந்த சில எண்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கின. பாஸ்பேட் 2.1 என்று பல முறை வந்திருந்தது, இயல்பு 2.5-க்கு மேல். ஹார்மோன் மிகுந்தால் பாஸ்பேட் சிறுநீரில் போய்விடும் என்பதற்கு அதுவே தடயம். எலும்பு கட்டும் அணுக்கள் வேலை செய்யும்போது கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி சற்றுக் கூடியிருந்தது. மைலோமாவில் எலும்பு கட்டும் அணுக்கள் பெரும்பாலும் முடங்கிக் கிடப்பதால் அது பொதுவாகக் கூடுவதில்லையாம். பாராதைராய்டு மிகையில் கரைப்பும் கட்டுதலும் சேர்ந்தே விரைவதால் கூடலாம். இரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமின் குறைவாக இருந்த நாட்களில் கால்சியம் 10.3 என்று வந்ததை நாங்கள் நிம்மதியாகக் கடந்துபோயிருந்தோம். அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார், அல்புமின் 3.2 இருந்த அந்த நாளின் உண்மைக் கணக்கு 10.9. மைலோமாவில் இதற்கு நேரெதிரான ஏமாற்றும் உண்டு: எம்-புரதம் கால்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, உடலுக்கு ஒரு கெடுதலும் இல்லாமலேயே மொத்த எண்ணை ஏற்றிக்காட்டலாம். அதனால் கட்டுப்படாத, அயனி நிலையிலுள்ள கால்சியத்தையும் தனியே அளந்தார். அது லிட்டருக்கு 1.46 மில்லிமோல், ஏறத்தாழ 1.3-க்குள் நிற்க வேண்டியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அன்றிரவு பரணில் ஏறிப் பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். 2016-இல் கல்லடைப்புக்குப் பார்த்த சீட்டுகள் மஞ்சளாகிக் கிடந்தன. அதில் ஒரு தாளில், மங்கிய மையில், கால்சியம் 10.9. மைலோமா என்று பெயர் கேட்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் 2021-இல் பார்த்த 12.6 இருவருக்கும் பொதுவான எண்ணாக இருந்திருக்க வேண்டும். நசுங்கிய டி12-இல் யார் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். புற்றுநோய் என்று சொன்ன நாளில்கூட அழாதவன். ஏனென்று அப்போது தெரியவில்லை. இப்போது யோசித்தால், புற்றுநோய் யார் கையிலும் இல்லாதது, ஆனால் இது ஒரு குழாய் இரத்தத்தில் தெரிந்திருக்கக்கூடியது என்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

இந்தச் சுரப்பியின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். மனிதரில் இதை முதலில் தெளிவாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல். ஆனால் எனக்கு மறக்க முடியாமல் போனது 1925-இல் வியன்னாவில் நடந்த கதை. எலும்பெல்லாம் மென்மையாகி நடக்க முடியாமல் போன டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவரிடம் வந்தார். எலும்பு நோயாளிகளின் பாராதைராய்டு பெருத்திருப்பது அந்நாளில் தெரியும். ஆனால் எலும்பு கெட்டதால் அதை ஈடுகட்டவே சுரப்பி பெருக்கிறது என்று பெரியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்படி மாண்டல் அவருக்குச் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். இறந்துபோன ஒருவரின் பாராதைராய்டை எடுத்து இவருக்குப் பதித்தும் பார்த்தார். பயனில்லை. அதன் பிறகுதான் எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பி, கழுத்தைத் திறந்து, பெருத்த கட்டியை அகற்றினார். நோயாளி தேறி நடந்தார். சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியதும் உண்மை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் காரணத்தை விளைவு என்று நினைத்து, அதற்கே தீனி போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களைப் பற்றிப் படித்தபோது, நூறாண்டுக்கு முந்தைய அந்த நடத்துநரோடு எனக்கு ஏதோ சொந்தம் உண்டானது போலிருந்தது.

அறுவை செய்வதா, காத்திருப்பதா என்ற கேள்வி எளிதாக இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எனக்கு 92,000 என்று குறைவாகவே இருந்தன. கிருமித் தொற்று எனக்கு மற்றவர்களைவிட ஆபத்து. கால்சியத்தைக் குறைக்க சினாகால்செட் மாத்திரை உண்டு, ஆனால் அது எலும்பைக் காப்பாற்றாது என்றார்கள். வைட்டமின் டி 14 மட்டுமே இருந்ததால், ஹார்மோன் உயர்வில் அதன் பங்கும் இருக்குமோ என்று அதை மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். ஹார்மோன் சிறிது இறங்கியதே தவிர இயல்புக்கு வரவில்லை. ஐந்து லிட்டர் கேனில் இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரைச் சேகரித்து, துணிப்பைக்குள் வைத்துத் திருச்சிப் பேருந்தில் மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன். அதில் கால்சியம் 340 மில்லிகிராம்; பிறவியிலேயே கால்சியம் சற்று உயர்ந்திருக்கும் தீங்கற்ற குடும்பக் கூறு ஒன்று உண்டு, அதில் சிறுநீரில் கால்சியம் குறைவாகத்தான் போகும் என்பதால், அது இல்லை என்று உறுதியானது. எலும்பு அடர்த்தியை வழக்கம்போல் முதுகிலும் இடுப்பிலும் மட்டும் பார்க்காமல் முன்கையிலும் அளந்தார்கள். பாராதைராய்டு மிகை முதலில் தின்பது கெட்டியான மேலோட்டு எலும்பை. முன்கையின் மூன்றில் ஒரு பங்குப் புள்ளி அதைக் காட்டிக்கொடுக்கும். இளவயது இயல்போடு ஒப்பிடும் அளவில் என்னுடையது மைனஸ் 3.1, மிகக் குறைவு. கல், சிறுநீரகத் தளர்ச்சி, எலும்பு என்று மூன்று பக்கமும் அறுவை என்றே சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

எந்தச் சுரப்பி என்று அறிய, செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மருந்தை மைலோமாவும் உறிஞ்சக்கூடும் என்பதால், எலும்பில் ஏதும் ஒளிர்கிறதா என்று படம் பார்ப்பவர் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டார். வலது பக்கக் கீழ்ச் சுரப்பி மட்டும் ஒளிர்ந்தது.

கழுத்தில் மூன்று சென்டிமீட்டர் கீறல். எடுத்ததை எனக்குக் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தேன். மகள் படம் பிடித்துவைத்திருந்தார். ஒரு புளியங்கொட்டை அளவு, மரநிறம், 0.9 கிராம். இயல்பான சுரப்பி 40 மில்லிகிராம் இருக்கும். அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைப்பதால், மேசையிலேயே வெற்றி தோல்வி தெரிந்துவிடும்: அறுவைக்கு முன் 162, கட்டியை எடுத்துப் பத்து நிமிடத்தில் 31. பாதியாகக் குறைந்தாலே போதும் என்பது விதி.

இரண்டாம் நாள் இரவு, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. செவிலியர், "கை கால் மரத்துப்போகுதாங்க ஐயா?" என்று கேட்டார், உள்ளங்கால் மூன்று வருஷமாக மரத்துத்தான் இருக்கிறது என்றேன். போர்டிசோமிப் விட்டுச்சென்றது அது. ஒரு கணம் இங்கும் அதே தவறு நடக்கப் பார்த்தது. ஆனால் பாதத்தின் மரப்பு வேறு, உதட்டின் ஊறல் வேறு என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. மருத்துவர் வந்து கன்னத்தில் விரலால் தட்டினார், உதட்டோரம் துடித்தது. கால்சியம் 7.9. பல ஆண்டுகள் பறிகொடுத்த எலும்பு, தடை நீங்கியதும் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பசியோடு இழுத்துக்கொள்கிறது; அதற்குப் பசித்த எலும்பு என்றே மருத்துவத்தில் பெயர். நரம்பு வழியே கால்சியம் மெல்ல ஏற்றினார்கள். ஒன்றரை மாதம் உணவோடு மாத்திரை தொடர்ந்தது. சுண்ணாம்புச் சத்து கூடிப்போனவன் என்று பாலையும் மோரையும் எனக்கு நிறுத்தியிருந்த உறவினர்கள், இப்போது கேழ்வரகும் பாலுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். உண்மையில் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. உணவில் குறைத்தால் சுரப்பி இன்னும் வெறியோடு எலும்பில்தான் கை வைக்கும்.

தாகம் முதலில் போயிற்று. பிறகு இரவில் எழுவது ஒருமுறையாகக் குறைந்தது. சோர்வு முழுவதும் போகவில்லை. மிச்சமிருப்பது மருந்தினுடையதுதான் என்று இப்போது நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. நசுங்கிய கண்ணி நசுங்கியதுதான். குறைந்த உயரம் குறைந்ததுதான். ஆனால் இந்த அறுவை எனக்குத் திரும்பக் கொடுத்தவற்றில் மற்ற எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒன்று. மைலோமாக்காரனுக்குக் கால்சியம் ஒரு காவல்நாய். முன்பு அது இரவும் பகலும் குரைத்துக்கொண்டே இருந்ததால் எப்போது திருடன் வருகிறான் என்று தெரியாது. மருந்தால் வாயைக் கட்டியிருந்தபோதும் தெரியாது. இனி அது குரைத்தால் நான் எழுந்து பார்க்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போது நான் கேட்டு வாங்கும் பரிசோதனைச் சீட்டில், அச்சிட்ட பட்டியலுக்குக் கீழே, பாராதைராய்டு ஹார்மோன், பாஸ்பேட், அல்புமின் என்று மகளின் கையெழுத்தில் மூன்று வரிகள் இருக்கும். வந்த எண்களை, தேதி போட்டு, பழைய இருப்புப் புத்தகம் ஒன்றின் மிச்சப் பக்கங்களில் பத்தி பிரித்து எழுதுகிறேன். 2016-இன் 10.9-ஐ முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

போன மாத வரியில் ஹார்மோன் 52. கால்சியம் 9.4. எம்-புரதம் என்ற பத்தியில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கோடு மட்டுமே போட்டுவந்த இடத்தில், 0.2 என்று எழுத வேண்டியிருந்தது. இரத்தவியல் மருத்துவர் இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார், பிறகு கால்சியம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மனைவி வெளியே நாற்காலியில் காத்திருந்தார். இம்முறை இரண்டு எண்களையும் அங்கேயே அவரிடம் சொன்னேன்.